வலம்புரி வேதியியலும் வாயடைக்கப்பட்ட தமிழும்

திருவள்ளூர்க்கு அணித்தாகக் காக்களூர் உளது. ஒருபால் ஏரியும் ஊரும்; மற்றொருபால் சிட்கோ தொழிற்பேட்டை. வடகிழக்கே சென்றால் கும்மிடிப்பூண்டிச் சிப்காட் வளாகம். விடியுமுன் முறைப்பணிக்கு வந்திறங்கும் தொழிலாளர் கைகளே இவ்விடங்களை இயக்குகின்றன. அக்கைகள் திறக்கும் பீப்பாய்களிலும் குடுவைகளிலும் இருப்பவை வேதிப்பொருள்கள். அவற்றின் மேல் ஒட்டிய தாளில் இருப்பதோ பெரும்பாலும் ஆங்கிலம். உருட்டுகிறவன் தமிழன், ஊற்றுகிறவன் தமிழன், உள்ளே இருப்பது இன்னதென்று அவனுக்குச் சொல்ல மட்டும் தமிழ் ஆகாதாம்!

‘அடிப்படை வேதியியலை வேண்டுமானால் தமிழிற் சொல்லலாம், உயர்நிலை வேதியியலைச் சொல்ல இயலுமா?’ என்று கேட்பார் உளர். கேட்கட்டும். அவர்தம் கேள்விக்கு வசையால் விடை கூறுதல் வீண். வேதியியலின் மிக நுண்ணிய துறைகளுள் ஒன்றை எடுத்து, அதனைத் தமிழிலேயே விரித்துக் காட்டுவதே தக்க விடை. புரியுடைய பாசுபீன் ஈனிகளை, கரிமமாழைச் சேர்மங்களின் துணையால், ஒரு புரியாகவே தொகுக்கும் கலை அத்தகையது. பெயரைக் கேட்டு மருள வேண்டுவதில்லை. அதன் வேர் கடலோரச் சங்கிலும், அடுக்களைப் புளியிலும், வேலியோரப் பூனைக்காலியிலும் கிடக்கின்றது.

வலக்கையையும் இடக்கையையும் நோக்குக. விரல் ஐந்து, அளவு ஒன்று, அமைப்பு ஒன்று. ஆயினும் ஒன்றன்மேல் ஒன்றைப் பொருத்தினால் பொருந்தா. ஒன்று மற்றொன்றன் கண்ணாடி நிழல். வலக்காற் செருப்பு இடக்காலுக்கு ஏலாதது போலவே, வலக்கை உறை இடக்கைக்கு ஏலாது. சங்கும் அத்தகையதே. கடலில் எடுக்கும் சங்குகளுள் மிகப் பலவும் ஒரே புரியின. எதிர்ப்புரியினது மிக அருகியே கிடைக்கும். வலம்புரிக்கு அத்துணை விலை ஏன் என்பது இதனால் விளங்கும். இயற்கை இரு புரிகளையும் ஒப்ப ஆக்குவதில்லை. ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதனையே ஆக்குகின்றது.

மூலக்கூறுகளுக்கும் இந்நிலை உண்டு. கரி அணு ஒன்றில் நான்கு வேறுவேறு தொகுதிகள் பிணைந்திருப்பின், அம் மூலக்கூறு இரு வடிவில் அமையலாம்; ஒன்று மற்றொன்றன் கண்ணாடி நிழல். பள்ளிப் பாடநூல் அக்கரியைச் ‘சீர்மையற்ற கார்பன்’ என்னும். இத்தன்மைக்குக் ‘கை’ என்னும் அடியாகச் சொல் ஆக்கலாமே எனின், ‘கைம்மை’ என்பது கணவனை இழந்த நிலையைக் குறித்து முன்னரே நிலைபெற்றுவிட்ட சொல், அது பொருந்தாது. வலம்புரி, இடம்புரி என்று சங்கிற்கு வழங்கும் சொல்லோ ஊரறிந்தது. எனவே அத்தன்மையைப் ‘புரிமை’ எனலாம். ஒரு புரியை மட்டும் ஆக்கும் தொகுப்பு ‘ஒருபுரித் தொகுப்பு’. இதனினும் சிறந்த சொல் கிடைப்பின் அதனைக் கொள்க. சொல்லே இல்லை என்று மட்டும் சொல்லற்க.

புரி என்னும் சொல் அறிவியலுக்குப் புதிதுமன்று. கயிறு திரிப்பவர் இழைகளை ஒருபால் முறுக்கி, அவற்றைச் சேர்த்து எதிர்ப்பால் முறுக்குவர். அதனாற்றான் கயிறு பிரியாது நிற்கும். தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் உள்ள கொலாசன் என்னும் புரதத்திற்கு இம் முப்புரி அமைப்பே உண்டென்று 1954, 1955ஆம் ஆண்டுகளில் கண்டுரைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்துக் கோ. நா. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். அதில் இழை ஒவ்வொன்றும் இடப்பால் முறுகும். மூன்றும் சேர்ந்து வலப்பால் சுற்றும். கயிறு திரிப்பவர் கையறிந்த உண்மையை உலகறியச் செய்தது கிண்டியில் நடந்த ஆய்வு.

மூலக்கூற்றின் புரிமையை முதன்முதற் கையாற் பிரித்துக் காட்டியவர் பிரெஞ்சு நாட்டு இலூயி பாசுச்சர், ஆண்டு 1848. திராட்சைத் தேறலின் வண்டலிற் கிடைக்கும் தார்த்தாரிக் காடியின் உப்பொன்றைப் படிகமாக்கி, உருப்பெருக்கியின் கீழ் நோக்கினார். படிகங்கள் இரு வகையாய், ஒன்று மற்றொன்றன் நிழலாய் இருந்தன. இடுக்கியால் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி இரு குவியலாக்கிக் கரைத்தார். ஒரு கரைசல் ஒருதள ஒளியை வலப்பால் திருப்பிற்று. மற்றது அதே அளவு இடப்பால் திருப்பிற்று. அக்காடியின் இயற்கை வடிவம் தமிழரின் நாள்தோறும் உள்ள புளிக்குழம்பிலேயே உளது. புளியின் புளிப்புக்குத் தலையாய கரணியம் அதுவே. அப்புளிப்பு ஒரே புரியினது என்பதுதான் வியப்பு. 1874ஆம் ஆண்டில் வாண்ட் ஆஃபும் இலெ பெலும் தனித்தனியே, கரியின் நான்கு பிணைப்புகளும் நான்கு மூலைகளை நோக்கி நிற்பதே இப்புரிமைக்கு ஏது என்று விளக்கினர்.

இஃது ஏட்டு நுட்பம் மட்டுமன்று; உயிரொடு தொடர்புடையது. உடம்பின் புரதங்கள் எல்லாம் ஒரு புரியின. அவற்றுள் மருந்து புகுவது கையுறையுள் கை புகுவது போன்றது. ஒரு புரி பொருந்தும். எதிர்ப்புரி பொருந்தாது, அல்லது வேறிடத்திற் பொருந்தித் தீங்கு செய்யும்.

இங்கேதான் பூனைக்காலி வருகின்றது. வேலிகளிலும் புதர்களிலும் படரும் அக்கொடியின் காய்ச்சுணை பட்டால் உடம்பு முழுதும் அரிக்கும். சிறார் அஞ்சி விலகுவர். அதன் விதையோ சித்த மருத்துவர் கைக்கொண்ட பண்டம். 1937ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்திலிருந்து தாமோதரன், இராமசாமி என்னும் இருவர், அவ்விதையினின்று ஒரு பொருளைப் பிரித்தெடுத்து இங்கிலாந்தின் உயிர்வேதியியல் ஆய்விதழில் வெளியிட்டனர். அப்பொருள் இடம்புரி டோப்பா. 1913இல் குகன்கைம் என்பார் ஐரோப்பிய அவரை வகையொன்றில் அதனைக் கண்டிருந்தார்; பூனைக்காலி விதையில் அது மிகுதியாய் உளதென்று காட்டியது சென்னையே. விதையின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 முதல் 6 பங்கு அதுவே.

அன்று அதன் பெரும்பயன் எவர்க்கும் தெரியாது. பின்னரே தெரிந்தது. பார்க்கின்சன் நோய் என்னும் நடுக்கு நோயுற்றார் மூளையில் டோப்பமின் என்னும் பொருள் குன்றுகிறதென்று 1960இல் வியன்னாவில் எரிங்கரும் ஓர்னிக்கீவிச்சும் கண்டனர். டோப்பமினை நேரே கொடுத்தால் அது மூளையுள் புகாது, டோப்பா புகும், புகுந்து டோப்பமினாக மாறும். 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காட்சியாசு என்னும் மருத்துவர் டோப்பாவை மிகுந்த அளவில் வாய்வழி கொடுத்தார். கை நடுங்கிக் கால் ஒட்டிக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தனர். ஆயின் அவர் முதலிற் கொடுத்தது இரு புரியும் கலந்த கலவை. சிலர்க்குக் குருதியின் வெள்ளணுக்கள் குறைந்தன. பிறகு இடம்புரி வடிவை மட்டும் கொடுத்தபோது அளவும் குறைந்தது; அத்தீங்கும் நீங்கிற்று. ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை. புரி ஒன்றே வேறு. அவ்வேறுபாடே மருந்துக்கும் தீங்குக்கும் இடையில் நின்றது. இதனைப் படித்தோர் எவரும் விதையைத் தாமே இடித்து உண்ணலாகாது. அளவறிந்து மருத்துவர் கொடுப்பதே மருந்து.

புரிமையின் பெயரால் ஒரு தவறான செய்தியும் உலவுகின்றது. அதனையும் களைதல் வேண்டும். 1957 முதல் 1961 வரை விற்கப்பட்ட தாலிடமைடு என்னும் மருந்தால், கருவுற்ற தாய்மார் வயிற்றில் ஆயிரக்கணக்கான மகவுகள் கைகால் குன்றிப் பிறந்தன. ஒரு புரியை மட்டும் கொடுத்திருந்தால் அக்கேடு நேர்ந்திராது என்பர் சிலர். அது பிழை. அம் மருந்தின் இரு புரிகளும் உடம்பினுள் ஒன்று மற்றொன்றாக மாறவல்லன. அறிவியலைத் தமிழிற் சொல்லுவோர் உண்மையளவிற் சொல்லுதல் வேண்டும். மிகைபடக் கூறுதல் மொழிக்கும் இழுக்கு, அறிவுக்கும் இழுக்கு.

இனி, ஒரு புரியை மட்டும் ஆக்குவது எங்ஙனம்? ஆய்வகக் குடுவைக்கு இடமும் வலமும் ஒன்றே. வழக்கமான தொகுப்பில் இரு புரிகளும் செம்பாதியாகவே விளையும். பின்னர் அவற்றைப் பிரிக்கவேண்டும். வேண்டாத பாதி வீண். நூறு மூட்டை நெல் விளைத்து ஐம்பதைக் கொட்டுவதற்கு ஒக்கும் இது. குடுவைக்கு இடம் வலம் கற்பிக்க வேண்டுமாயின், புரியுடைய ஒரு கை அதனுள் நின்று வினையை நடத்துதல் வேண்டும். அந்தக் கையே பாசுபீன் ஈனி.

ஈனி என்பது அழகிய தமிழ்ச்சொல். தமிழகப் பள்ளிப் பாடநூலிலேயே உள்ளது. மாழை அணுவுக்கு (பாடநூல் அதனை உலோகம் என்னும்) மின்னணு இரட்டையை ஈந்து அதனொடு பிணையும் தொகுதி எதுவோ அது ஈனி. பசு கன்றை ஈனும். மரம் காயை ஈனும். ஈனி மின்னணுவை ஈனும். மேலையர் இலத்தீனத்தில் ‘கட்டுதல்’ என்னும் பொருளில் வைத்த பெயரை அப்படியே பெயர்க்காமல், அது செய்யும் தொழிலைக் கண்டு தமிழ் பெயரிட்டது. தமிழிற் சொல்ல முடியாது என்பார் இவ்வொரு சொல்லை எண்ணிப் பார்க்கட்டும்.

பாசுபீன் என்பது பாசுபரசு அணுவில் மூன்று தொகுதிகள் பிணைந்த சேர்மம். மூன்றும் கூடாரக் கால்கள் போல் ஒருபால் சாய்ந்து நிற்க, உச்சியில் பிணைப்பிலா மின்னணு இரட்டை ஒன்று நிற்கும். ஈவது அதனையே. மூன்று கால்களும் வேறுவேறாயின் அப் பாசுபரசே புரியுடையதாகும். நைட்ரசனிலும் இவ்வமைப்பு உண்டு. ஆயின் அது காற்றிற் குடை மறிவது போல் நொடிக்குள் எண்ணிறந்த முறை மறிந்து மறிந்து புரியை இழக்கும். பாசுபரசு அங்ஙனம் எளிதில் மறியாது. அறைவெப்பில் தன் புரியை விடாது காக்கும். கொண்ட கொள்கையில் நிற்பார்க்கு அது நல்ல உவமை.

1960களின் நடுவில் இங்கிலாந்தின் வில்கின்சன், உரோடியம் என்னும் மாழையொடு மூன்று பாசுபீன்கள் பிணைந்த ஒரு வினையூக்கியை உருவாக்கினார். கரைசலிலேயே அது நீரகத்தை (ஐதரசனை) இரட்டைப் பிணைப்பில் ஏற்றும். அப் பாசுபீனுக்குப் புரி இல்லை. ‘அவ்விடத்தில் புரியுடைய பாசுபீனை வைத்தால் என்?’ என்று கருதினார் அமெரிக்க மான்சாண்டோ நிறுவனத்து வில்லியம் நோல்சு. செருமனியில் ஓர்னரும் அவ்வாறே கருதினார். 1968இல் நோல்சு பெற்ற முதல் விளைவில் ஒரு புரியின் மிகை நூற்றுக்கு 15 மட்டுமே, அஃதாவது 57.5க்கு 42.5. எள்ளத்தக்க வெற்றி என்று பிறர் தள்ளியிருப்பர். அவர் தள்ளவில்லை. பாசுபரசின் கால்களை ஒவ்வொன்றாய் மாற்றினார். பின்னர் இரு பாசுபரசுகளை ஒன்றாய்ப் பிணைத்தார். மிகை 95 ஆயிற்று, 97.5க்கு 2.5. இவ்வீனியின் துணையால் மான்சாண்டோ 1970களில் இடம்புரி டோப்பாவைத் தொழில் அளவில் வடிக்கத் தொடங்கிற்று. ஒருபுரி வினையூக்கம் தொழிற்சாலை ஏறியது அதுவே முதன்முறை. 2001ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் நோல்சு, சப்பானிய நோயோரி, அமெரிக்கச் சார்ப்பிலசு ஆகிய மூவரும் பங்குற்றனர்.

அந்த ஈனியையே ஆக்கியது எவ்வாறு? அங்கேதான் கரிமமாழைச் சேர்மங்கள் தொண்டு செய்கின்றன. கரியொடு மாழை நேரே பிணைந்தவை அவை. 1900ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுக் கிரிக்னார்டு கண்ட மக்னீசியச் சேர்மங்கள் அவற்றுள் புகழ்பெற்றவை. நோல்சுக்கு வழி காட்டியது அமெரிக்க மிசுலோ வகுத்த முறை. முதலில், பாசுபரசுச் சேர்மத்தை மெந்தாலொடு பிணைப்பர். தலைவலித் தைலத்திற் குளிரும் அதே மெந்தால்தான், புதினா இனச் செடியில் விளைவது, ஒரே புரியினது. பிணைந்தபின் விளைவன இரண்டும் ஒன்றற்கொன்று கண்ணாடி நிழல் அல்ல. பாசுபரசின் புரி வேறாயினும் மெந்தாலின் புரி இரண்டிலும் ஒன்றே யன்றோ? எனவே கரைதிறன் வேறுபடும்; படிகமாக்கிப் பிரிக்கலாம். பிரித்த ஒன்றொடு கிரிக்னார்டு வினைபொருளைச் சேர்த்தால், கரித்தொகுதி ஒருபுறம் புக, மெந்தால் மறுபுறம் வெளியேறும். பாசுபரசு குடை போல் ஒருமுறை, ஒரேமுறை, மறியும். பின்னர் இலித்தியச் சேர்மத்தால் மெத்தில் தொகுதியின் ஒரு நீரகத்தை நீக்கிச் செம்பின் துணையால் இரண்டை இணைத்து, பாசுபரசின் மேல் உள்ள உயிர்வளியைச் சிலேன் கொண்டு களைந்தால் ஈனி அணியமாகும். மக்னீசியம், இலித்தியம், செம்பு, முடிவில் உரோடியம்: நான்கு மாழைகளின் கூட்டுத்தொழில்.

பாசுபரசே புரியுடையதாய் இருத்தல் வேண்டும் என்பதுமில்லை. 1971இல் பிரெஞ்சு நாட்டுக் ககான், தார்த்தாரிக் காடியின் கரிச்சட்டத்திலேயே இரு பாசுபரசுகளைப் பொருத்தி ஈனி செய்தார். புளியிலும் உள்ள அப்புரியே அவ்வீனிக்கு முதல். 1980இல் நோயோரி, இரு நாப்தலீன் பலகைகள் ஒன்றையொன்று இடித்துத் திருகி நிற்கும் ஈனியை வெளியிட்டார். அதனொடு உரோடியம் கூட்டிச் சப்பானின் தகாசாகோ நிறுவனம் 1980களிலிருந்து மெந்தாலையே தொழில் அளவில் ஆக்கி வருகின்றது. மெந்தால் ஈனியைத் தந்தது. ஈனி மெந்தாலைத் தந்தது! விதையும் மரமும் போல் அறிவும் ஒன்றையொன்று ஈனும்.

பிரித்தெடுக்கும் தொல்லையே இன்றி, நேரே ஒரு புரியாகப் பாசுபீனை ஆக்கும் முறைகளும் பின்னர் எழுந்தன. 1995இல் எவன்சு குழுவினர், இசுபார்டீன் என்னும் செடிப்பொருளைப் பியூட்டைல் இலித்தியத்தொடு கூட்டி, பாசுபரசில் ஒத்து நிற்கும் இரு மெத்தில் தொகுதிகளுள் ஒன்றை மட்டும் தெரிந்து தாக்கச் செய்தனர். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாய் வீற்றிருக்கும் சிங்கப்பூரில், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இலியுங் பாக் இங்கு குழுவினர், பல்லேடியமும் கரியும் வளையமாய்ப் பிணைந்த வினையூக்கிகளைக் கொண்டு, பாசுபரசு–நீரகப் பிணைப்பை இரட்டைப் பிணைப்பின்மேல் ஒரு புரியாகச் சேர்த்துப் பாசுபீன்களை ஆக்கிக் காட்டினர். ஐதராபாத்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மாரியப்பன் பெரியசாமி, கரிமமாழை வினைபொருள்களிலும் ஒருபுரித் தொகுப்பிலும் நெடுங்காலம் உழைத்தவர். ஆற்றல் இல்லாத இனமன்று இது.

இத்துணையும் தமிழிலேயே சொல்லப்பட்டது. மாந்தர் பெயரும் பொருட்பெயரும் சில ஒழிய, கருத்தில் ஒன்றேனும் தமிழுக்கு அடங்காது நின்றதா? இல்லை. அங்ஙனமாயின் குறை எங்கே உளது?

குறை மொழியில் இல்லை. மொழியை வழங்குவாரிடத்தில் உளது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். 1875இல் ‘கெமிஸ்தம்’ என்னும் வேதியியல் நூலும் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தது. பெயர் வேற்றுமொழி ஒலியினது, உள்ளீடோ தமிழ். கடல் கடந்து வந்த ஒருவர்க்கு முடிந்தது, இங்கேயே பிறந்து பட்டம் பெற்றோர்க்கு முடியவில்லை எனின் அது மொழியின் குற்றமா, முயலாமையின் குற்றமா?

குற்றம் ஒருபாலதும் அன்று. ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிவிட்டால் கடமை முடிந்ததென்று இருப்பார் ஒருவகை. தனித்தமிழ் அன்பரிடத்தும் ஒரு குறை உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஒரு பொருளுக்கு ஒருவர் ஒரு சொல், மற்றொருவர் மற்றொரு சொல், மூன்றாமவர் மூன்றாவது சொல் என ஆக்கி, எதனையும் பட்டறைக்குக் கொண்டு செல்லாமல் ஏட்டிலேயே உறங்க விடுகின்றனர். உலைக்களத்தில் அடிபடாத இரும்பு கருவியாகாது. உழைப்பவன் வாயிற் புழங்காத சொல் மொழியாகாது. ‘ஈனி’ வாழ்கின்றது; ஏன்? ஆண்டுதோறும் மாணவர் அதனைத் தேர்வில் எழுதுகின்றனர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் ஈனி என்றும் அணைவுச் சேர்மம் என்றும் எழுதிய அம் மாணவன், கல்லூரி வாயிலை மிதித்ததும் அவை அனைத்தையும் மறக்குமாறு பெரும்பாலும் ஏவப்படுகின்றான். விளைந்த பயிரைக் கதிர் முற்றுமுன் உழுது மடக்குவது போன்ற செயல் அது.

காக்களூருக்கு இதனால் என்ன? அங்கே பாசுபீன் ஈனி வடிக்கப்படுகிறது என்பதன்று இங்குப் பேச்சு. வேதிப்பொருள் புழங்கும் எத்தொழிற்பேட்டைக்கும் பொதுவான உண்மை ஒன்றுண்டு. மேற்சொன்ன தொகுப்பில் வரும் பொருள்களையே எண்ணுக. சில பாசுபீன்கள் காற்றுப் பட்டதும் தாமே தீப்பற்றும். பியூட்டைல் இலித்தியமும் அத்தகையது. கிரிக்னார்டு வினைபொருள் நீர் பட்டால் கொதித்தெழும். அதனைத் தாங்கி நிற்கும் ஈதரோ எளிதில் எரியும். தீயென்றால் நீரை ஊற்றுவது மாந்தர் இயல்பு. ‘நீர் படலாகாது’ என்னும் மூன்று சொல் ஆங்கிலத்தில் மட்டும் இருந்து, வாளியொடு ஓடுகிறவனுக்கு அது தெரியாதிருப்பின், அங்கே தோற்பது தேர்வு மதிப்பெண் அன்று, உயிர். மொழிக்கொள்கை என்பது மேடைப்பேச்சு மட்டுமே என்று கருதுவோர் அவ்வாளியை ஒருகணம் நினைந்து பார்க்க!

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 108ஆம் பிரிவில், அச்சட்டப்படி தொங்கவிட வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளருள் பெரும்பான்மையோர் அறிந்த மொழியிலும் இருத்தல் வேண்டும் என்று வகுத்தது. அச்சட்டம் செய்தவர் தனித்தமிழர் அல்லர். உயிர்க்காப்புக்குத் தாய்மொழி வேண்டும் என்னும் பொதுவறிவே அவர்க்கு இருந்தது. அறிவிப்புப் பலகைக்கு ஏற்கப்பட்ட நெறி பீப்பாய்த் தாளுக்கும் பயிற்சிச் சுவடிக்கும் ஏன் ஏற்காது? இத்தொழிற்பேட்டைகளில் பீகாரியும் ஒடியரும் பிறரும் இன்று தோளொடு தோள் நின்று உழைக்கின்றனர். அவர்க்கு அவர்தம் மொழியிலும் எழுதுக. தமிழுக்குக் கேட்கும் உரிமையைப் பிறன் தாய்மொழிக்கு மறுப்பவன் மொழிப்பற்றாளன் ஆகான்.

செய்யத்தக்கன பெரியன அல்ல. செய்யாது விட்டவையே பெரியன. ஒன்று: வேதிப்பொருள் புழங்கும் ஒவ்வொரு தொழிற்கூடத்திலும், பொருளின் பெயர், அதன் தீங்கு, முதலுதவி, அணைக்கும் முறை ஆகிய நான்கும் தமிழில் எழுதி ஒட்டப்படுதல் வேண்டும்; அதற்கு ஒரு தாளும் ஒரு தூரிகையும் போதும். இரண்டு: புரிமை, ஒருபுரித் தொகுப்பு, கரிமமாழைச் சேர்மம் போன்றவற்றுக்கு வேதியியல் அறிஞரும் தமிழறிஞரும் ஒருங்கமர்ந்து ஒருபொருட்கு ஒருசொல் என உறுதி செய்தல் வேண்டும்; தோற்ற சொல்லின் உரிமையாளர் வருந்தாது வென்ற சொல்லை வழங்குதல் வேண்டும். மூன்று: பள்ளியில் தமிழ்வழி கற்ற வேதியியல் கல்லூரியிலும் தொடர்தற்கு உயர்நிலை நூல்கள் எழுதப்படுதல் வேண்டும். ஆங்கிலம் கற்க வேண்டா என்பதன்று. உலக ஆய்விதழ்களைப் படிக்க அது வேண்டும், செருமானியமும் சப்பானியமும் கூட வேண்டும். ஆயின் பிறமொழி சாளரமாக இருக்கலாம், வாயிலாக இருத்தலாகாது. நான்கு: திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதித் தமிழாசிரியரும் வேதியியலாசிரியரும் திங்கட்கொருமுறை தொழிலாளரைக் கூட்டி, அவர் கையாளும் பொருளைப் பற்றித் தமிழில் எடுத்துரைத்தல் வேண்டும், கேட்கும் கேள்விக்கு விடை தெரியாதபோது அடுத்த திங்களுக்குள் அறிந்து வந்து கூறுதல் வேண்டும்.

1937ஆம் ஆண்டில் பூனைக்காலி விதையினின்று இடம்புரி டோப்பாவைப் பிரித்தெடுத்த சென்னை ஆய்வகம், தன் கண்டுபிடிப்பை ஆங்கில இதழில் எழுதிற்று. அது தவறன்று, உலகம் அறிதற்கு அதுவே வழி. ஆயின் அக்கொடி படர்ந்த வேலிக்கு உரியவன் அச்செய்தியைத் தன் மொழியில் கேட்டானா? தன் புதரில் படர்ந்து கிடந்தது, நடுங்கும் கைகளை நிலைநிறுத்தும் மருந்தென்று அறிந்தானா? அறிவு ஊரிற் பிறந்தும் ஊருக்கு வரவில்லை. அப்பொருளையே பிறர் ஒரு புரியாய் வடித்துப் பெயர் பெற்றதற்குப் பொறாமை கொள்ளுதல் பேதைமை. நோல்சு நூற்றுக்கு 15இல் தொடங்கிச் சோர்வின்றி 95க்கு ஏறினார் என்பதே கற்க வேண்டிய பாடம்.

தமிழ்வழி அறிவியலும் இன்று அந்தப் பதினைந்தில்தான் நிற்கின்றது. எள்ளுவார் எள்ளட்டும். கால்களை ஒவ்வொன்றாய் மாற்றி முயல்க. பிணைய வேண்டிய இருவர், தமிழறிஞனும் தொழிலறிஞனும், பிணைக. காக்களூர்ப் பட்டறையில் ஒரு தொழிலாளி பீப்பாயின்மேல் உள்ள தாளைத் தன் தாய்மொழியிற் படித்து, ‘இதற்கு நீர் ஆகாது’ என்று வாளியைக் கீழே வைக்கும் நாளே தமிழ் அறிவியல் மொழியான நாள். அந்நாள் விரைந்து வருக!